பாயம்மா சொல்லாத வார்த்தை

டிராஜடி என்ற வார்த்தையை நான் முதன்முதலாகக் கேட்டது என் வேனின் நடு சீட்டிலிருந்துதான். கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன மார்கழிக்கு அடுத்த தை மாதம் அது. அதுவரை எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ரிவர்ஸ், பிரேக், பஞ்சர், டீசல். நடு சீட்டில் ஒரு வெள்ளைக்காரம்மா, பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு ஆபீசர். நிவாரண வேலைக்காக எந்தக் குப்பத்துக்கு என்ன தேவை என்று பார்த்துப்போக வந்தவர்கள். முன் சீட்டில் என் பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு பாயம்மா. அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதற்காக மரக்காணத்தில் பிடித்த ஆள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். கடைத்தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய், பிறகு அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்து, மலையாளத்து நர்சுகளோடும் பிலிப்பைன்ஸ் நர்சுகளோடும் சண்டை போட்டே இங்கிலீஷ் கற்றுக்கொண்டு திரும்பியவர் என்று சொல்வார்கள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பள்ளிவாசல் தெருவில் ஒற்றை அறை வீடு. வண்டி கிளம்பினால் அவருக்குக் குமட்டும், அதற்குத்தான் கிராம்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே வருகிற ஆடு ஒன்றையும் திட்டாமல் விட்டதில்லை. "உங்கப்பன் போட்ட ரோடா இது?" என்று ஆட்டிடம் கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பதுபோல அதையே பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் எனக்கும் ஒரு திட்டு விழும்.

என் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. என் அக்கா உப்பளத்து வேலைக்காரி. மரக்காணத்து உப்பளத்தை ஒட்டினாற்போல இருக்கிற காலனியில் அவளும் மாமாவும் மகள் கலைவாணியும். மழை ஓய்ந்து தை பிறந்தால் பாத்தி மிதிக்க ஆரம்பிப்பார்கள். வாரக்கணக்கில் வெறுங்காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்கினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். அந்த வருஷம் மிதிக்கப் பாத்தி இல்லை. கடல் வந்து அத்தனை பாத்தியிலும் கருஞ்சேற்றைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. வேலை இல்லையென்றால் செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளைக்குத்தான் குடும்பத்தோடு போக வேண்டும், ஆள் ஏற்றுகிற லாரிக்காரன் காலனியில் வந்து பேசிவிட்டும் போய்விட்டான். கலைவாணி அந்த வருஷம் பத்தாவது. பங்குனியில் பரிட்சை. சூளைக்குப் போனால் பரிட்சை கிடையாது, படிப்பும் கிடையாது, வருகிற வைகாசியில் யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள். என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் தனிக்கட்டை, திண்டிவனத்தில் இன்னும் சில டிரைவர்களோடு ஒரே அறையில் கிடக்கிறவன். வயசுப் பெண்ணை அங்கே எப்படி வைப்பேன்? அதனால்தான் அந்த வெள்ளைக்காரம்மாவின் சவாரி கிடைத்ததும் எனக்கு ஒரு நப்பாசை. எப்படியாவது இவர்களை உப்பளத்துப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், சேறு வாருகிற வேலையையாவது அந்தச் சனங்களுக்கே கொடுக்க மாட்டார்களா?

முதல் நாள் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனோம். பெண்டாட்டியைக் கடலுக்குக் கொடுத்த ஒருவர், கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரிக்கவுமில்லை, பின்னவுமில்லை, சும்மா மடியில். வெள்ளைக்காரம்மா அவர் முன்னால் நின்று நெடுநேரம் ஏதோ பேசினார். நடுநடுவே டிராஜடி, டிராஜடி என்று வந்தது. பேசி முடித்துவிட்டுப் பாயம்மாவைப் பார்த்தார்.

பாயம்மா அந்த மனிதரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, இந்தம்மாவுக்கு உங்களப் பாத்ததும் என்னா பேசறதுன்னு தெரியல. தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சுன்னு காட்டறீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வலையை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு எழுந்தார். எங்களைக் கூட்டிக்கொண்டு மணலில் நடந்தார். இங்கேதான் அடுப்பு இருந்தது, இந்தத் தென்னையைத்தான் பிடித்துக்கொண்டேன், அவள் கை இந்தக் கையில்தான் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்த மனுஷன் கடல் வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லையாம். குப்பத்துச் சனம் முழுக்கப் பின்னாலேயே வந்தது. வெள்ளைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு பாட்டம் இங்கிலீஷைத் தூக்கிப் போட்டுவிட்டு இத்தனூண்டு தமிழை வைத்து ஒரு ஆளை எழுப்பி நடக்க வைக்க முடியுமா? என் கண்ணால் பார்த்தேன்.

திரும்பும்போது கேட்டேன். "பாயம்மா, அவங்க சொன்ன டிராஜடின்னா இன்னா? அத நீங்க சொல்லவே இல்லியே?"

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றார்.

ஆபீசர் பின்னாலிருந்து விளக்கம் கொடுத்தார். "பெரிய சோகம், துயரம், துன்பியல். அதான்பா அர்த்தம்." ஆபீசர் நல்லவர்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வாயில் அந்த வார்த்தை பட்ட பாடு இருக்கிறதே! செல்போனுக்கு டவர் கிடைக்காவிட்டால் டிராஜடி. தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இல்லையென்றால் டிராஜடி. கிரிக்கெட்டில் நம்மவர்கள் தோற்றால் அன்றைக்கெல்லாம் டிராஜடி. ஒருநாள் ரோட்டோர ஓட்டலில் காபி ஆறிப்போயிருக்கிறது என்று அதையே சொன்னார். பாயம்மா தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், அந்த வார்த்தைக்கு இன்னிக்கு ஒருநாள் லீவு குடுங்க சார். பாவம், நாக்கு தள்ளிப் போயிருக்கும் அதுக்கு."

பக்கத்து மேஜைக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஆபீசரும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். பாயம்மா மட்டும் சிரிக்கவில்லை.

தொற்றுநோய் மாதிரி எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஒருநாள் பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது டயர் பஞ்சர். இறங்கிப் பார்த்துவிட்டு, நாமும் நாலு இங்கிலீஷ் பேசுவோமே என்று, "டிராஜடி பாயம்மா!" என்றேன்.

துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியா? யாருக்கெல்லாம் சொல்லி அனுப்பணும்? டயருக்குப் பெண்டாட்டி புள்ள இருக்குதா?"

"இல்ல பாயம்மா…"

"அப்போ ஸ்டெப்னிய மாட்டு."

மாட்டினேன். மாட்டி முடிக்கும்வரை தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தலைக்கு இல்லை, என் தலைக்கு.

அவர் சொல்லாமல் விழுங்குகிற இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரம்மா எந்தச் சாவு வீட்டிலிருந்து கிளம்பினாலும் கையைப் பிடித்துக் குலுக்கி, சிரித்து, மறுபடியும் பார்க்கலாம், மறுபடியும் வருவேன் என்பார். சாவு வீட்டில் எவனாவது போய் வருகிறேன் என்று சொல்வானா? சொல்லாமல்தானே எழுந்து வருவோம். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், அவர் ஊர் வழக்கம் அது. பாயம்மா அதை ஒரு தடவைகூடத் தமிழில் சொன்னதில்லை. வெள்ளைக்காரம்மா பேசி முடித்ததும் அந்த வீட்டுப் பெண்ணின் தலையை ஒருமுறை தடவிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். கொஞ்ச நாளில் வெள்ளைக்காரம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். அவரும் கை குலுக்குவதை விட்டார். எழுந்து, ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து வண்டியில் ஏறினார். "இந்தம்மா நம்ம பொம்பள மாதிரியே இருக்குது," என்று ஒரு குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பாயம்மா கூட நடந்தார், அவ்வளவுதான்.

சரி, உப்பளத்துக்கு வருகிறேன். ஆபீசரிடம் தினமும் நச்சரித்தேன். "சார், எங்க காலனியையும் ஒருவாட்டி பாருங்க சார்." "எத்தனை சாவுப்பா அங்கே?" என்பார். சாவு இல்லை. கடல் வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்கு யாரும் இறங்கவில்லை. அந்த லீவு பிழைக்க வைத்தது, பிழைத்ததே குற்றமாகிவிட்டது. "சாவு இல்லாத ஊருக்கு எங்க ப்ராஜெக்ட்ல இடம் இல்லப்பா," என்பார். கடைசியில் வெள்ளைக்காரம்மாவே ஒருநாள் வழியில் கருத்துக் கிடந்த பாத்திகளைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். விடுவேனா? வண்டியை அப்படியே உள்ளே திருப்பினேன். முன்னாலேயே அக்காவுக்கு டீக்கடை போனில் தகவல் சொல்லி வைத்திருந்தேன், ஒருநாள் எப்படியும் வருவோம், வண்டியைப் பார்த்தால் கூடி நில்லுங்கள் என்று.

இந்தச் சனம் செய்து வைத்திருந்த காரியத்தைக் கேளுங்கள்! மீனவர் குப்பத்தில் அழுகிறார்கள், அங்கே வண்டி நிற்கிறது. நம்மிடம் அழுகை இல்லை, அதனால்தான் நிற்காமல் போகிறது. இப்படி யோசித்து, பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஒப்பாரி சொல்கிற பெண்களைக் கூட்டிவந்து தயாராக வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. வண்டி நின்றதும் வரப்பில் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் பிணம் இல்லை. சேறு நிறைந்த பாத்திதான் கிடந்தது, அதற்கு ஒரு சாமந்தி மாலை வேறு.

"வெள்ளி மலையா குமிஞ்சவளே, சேத்துக்குள்ள படுத்தியோ…"

வெள்ளைக்காரம்மாவின் முகம் வெளிறிவிட்டது. யார் இறந்தது என்று ஆபீசரிடம் கேட்டார். ஆபீசர் சுற்றிலும் பார்த்தார், புரிந்துகொண்டார், உதட்டைப் பிதுக்கினார். அக்கா அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தாள், அழத் தெரியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு. பாயம்மா ஏதாவது சமாளித்துச் சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்தேன்.

அவர் குடையால் வரப்பைத் தட்டினார். "நிறுத்துங்க. யாரும்மா செத்தது?"

பாட்டு நின்றது. ஒப்பாரிக்காரக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்புதான்," என்றாள்.

"ஆளு யாரும் சாகலியே?"

"இல்ல."

பாயம்மா அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். ஆளு யாரும் சாகவில்லை, இந்த அழுகை அழைத்து வந்த அழுகை. இத்தனை நாள் அவர்களோடு சுற்றியதில் எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் புரிந்துதான் தொலைத்தது. ஆபீசர் வண்டியைப் பார்த்துத் திரும்பினார். அந்த நிமிஷத்தில் பாயம்மா மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, குடையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அடிப்பாவி, ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னால் உன் குடியா முழுகிப்போகும்?

அவர் செருப்பைக் கழற்றினார். துப்பட்டியைத் தோளில் சுருட்டிப் போட்டார். மாலை கிடந்த பாத்திக்குள் இறங்கினார். முழங்கால் வரை சேறு. அக்காவைப் பார்த்து, "ஏம்மா, நீ வா. நீ எப்படி மிதிப்பேன்னு காட்டு," என்றார்.

அக்கா இறங்கினாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள், மறு காலை எடுக்க முடியவில்லை. சொந்த வீட்டு முற்றத்தில் நடக்கிறமாதிரி அந்தப் பாத்தியில் நடந்தவள் அவள். குனிந்து காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வெள்ளைக்காரம்மா பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார், இறங்கியவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். செருப்பு போயே போய்விட்டது. அக்காதான் அவர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றார்கள். அப்புறம்தான் பாயம்மா கேட்டார், "இப்போ சொல்லு. இத அப்படியே உட்டா என்னா ஆவும்?"

அக்கா அழவில்லை, கடைக்குக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "இன்னா ஆவும், லாரி வரும். சூளைக்குப் போவோம். எம் பொண்ணு பத்தாவது. நல்லா படிக்குது. பரிட்ச எழுதாது. கல்லு அறுக்கும். என்ன மாதிரியே ஆயிடும்."

ஒவ்வொரு வாக்கியத்தையும் பாயம்மா சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. வரப்பிலிருந்து ஆபீசர் குரல் கொடுத்தார். "மேடம், இது லாஸ். டிராஜடி இல்ல. யாரும் சாகலையே!"

அப்போதுதான் பாயம்மா வெள்ளைக்காரம்மாவின் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சொன்னார். வேகமாகச் சொல்லவில்லை. டிராஜடி என்று, நிறுத்தி, ஒரே முறை. அத்தனை குப்பத்தில், அத்தனை சாவு வீட்டில் அவர் வாயிலிருந்து வராதது இந்தச் சேற்றில் நின்றுகொண்டு வந்தது. கொஞ்சம் முன்னால் குடையைப் பிடுங்கி எறிய நினைத்தவன், இப்போது அந்தக் காலில் விழலாமா என்று நின்றேன்.

பிறகு ஆபீசரிடம் திரும்பித் தமிழில் சொன்னார். "செத்தவங்களுக்கு அந்த வார்த்த எதுக்கு சார்? அவங்க கேக்கவா போறாங்க? இது இன்னும் நடக்கல. நடக்காம நிறுத்தலாம்."

வெள்ளைக்காரம்மா சரி, சேறு வாருகிற வேலையைக் கொடுக்கலாம் என்றார். கண்ணீரோடு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு. ஆனால் அவர் சரி என்றால் போதுமா? தலைமை ஆபீசில் கேட்க வேண்டும், அவர்கள் இன்னொரு ஆபீசில் கேட்க வேண்டும். வாரங்கள் ஓடின, பதில் வரவில்லை. வெள்ளைக்காரம்மாவின் விசா முடிந்து அவர் ஊருக்குப் போனார், ஆபீசர் வேறு ஜில்லாவுக்குப் போனார். சேறு காய்ந்து வெடித்தது. சூளை லாரி வந்தது.

விடிகாலை. சட்டி பானை, பாய், கோழிக்கூடு எல்லாம் ஏறிவிட்டது. மாமா ஏறினார், அக்கா ஏறினாள். கலைவாணி பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். பையை எதற்கு எடுத்துவந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. வழியனுப்பப் போயிருந்த நான் அவள் பக்கம் பார்க்காமல் மாமாவோடு கண்டதையும் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஆட்டோ வந்து லாரிக்கு முன்னால் நின்றது. குடை முதலில் இறங்கியது, பிறகு பாயம்மா.

"பொண்ண எறக்கு," என்றார் அக்காவிடம்.

"பாயம்மா?"

"பரிட்ச முடியற வரைக்கும் எங்கூட இருக்கட்டும். தனி அடுப்பு வேணும்னா தனி அடுப்பு மூட்டிக்கட்டும். வெளக்கு இருக்குது, ஃபேன் இருக்குது. எறக்கு."

அக்கா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமாதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாரம்? நீங்க பாட்டுக்கு வந்தீங்க, எங்களுக்காக ரெண்டு வார்த்த சொன்னீங்க…"

"சொன்னேன்ல?" என்றார் பாயம்மா. லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "குவைத்துல எங்க ஊட்டுக்காரரு கட்டட வேலயில சாரத்துலேருந்து உழுந்தாரு. நான் வேல பாத்த ஆஸ்பத்திரிக்கேதான் கொண்டாந்தாங்க. டாக்டரு வெளிய வந்து எங்கிட்ட அந்த வார்த்தயத்தான் சொன்னாரு. சொல்லிட்டு, பேனாவ ஜோப்புல சொருவிகிட்டுப் போயிட்டாரு. அந்த வராண்டாவுல நான் ஒருத்தியா நின்னேன். அத மாதிரி சொல்லிட்டுப் போறவ இல்லம்மா நானு. எறக்கு."

கலைவாணியை நான்தான் இடுப்பில் கை கொடுத்து இறக்கினேன். லாரி கிளம்பியது. அக்கா பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு மறைகிறவரை பாயம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனாள்.

பங்குனி வெயிலில் முதல் பரிட்சை. வேனில் அவர்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். கலைவாணி கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். மணி அடித்தது. பாயம்மா எதிர்ப்பக்கம் மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"வெயிலு ஏறுது பாயம்மா. வாங்க, ஊட்டுல உட்டுட்டு, முடியற நேரத்துக்குக் கூட்டியாறேன்," என்றேன்.

"அந்தப் பொண்ணு ஜன்னல் வழியா பாத்தா நான் தெரியணும்," என்றார். "நீ போ தம்பி."

நான் போகவில்லை. வேனை அவருக்கு நிழல் விழுகிறமாதிரி தள்ளி நிறுத்திவிட்டு, நானும் இறங்கிப் போய் அந்தப் படியில் உட்கார்ந்தேன்.